மூக்குக்கு ஓர் அங்குலம் முன்னால்

நான் ஆறு வருஷமாகக் கராத்தே கற்கிறேன். இதுவரை யாரையும் குத்தியதில்லை.

இதைச் சொன்னால் நான் வேலை பார்க்கும் கடையில் சிரிக்கிறார்கள். ஆனால் எங்கள் கிளாஸில் இதுதான் ஒழுங்கு. எங்களுடையது ஷோட்டோகான் முறை. பின்காலை நீட்டிக் குதிகாலைத் தரையில் அழுத்தி, இடுப்பைத் திருப்பி, அந்தத் திருப்பம் முடிகிற நேரத்தில் முஷ்டியை விட வேண்டும். ஒரு கை முன்னே போகும்போது மறு கை அதே வேகத்தில் இடுப்புக்குத் திரும்ப வேண்டும். இத்தனையும் சரியாக நடந்து, முஷ்டி எதிராளியின் தோலைத் தொடப்போகிற இடத்தில் நிறுத்த வேண்டும். மெதுவாக விட்டு நிறுத்துவதில் என்ன இருக்கிறது? முழு வேகத்தில் விட்டு நிறுத்த வேண்டும்.

எங்கள் தமிழ்செல்வன் சார் பகலில் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்க்கிறார். சாயங்காலம் மும்பை மாட்டுங்காவில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் கிளாஸ் எடுக்கிறார். "வண்டி ஓட்ட எல்லாருக்கும் தெரியும். பிரேக் பிடிக்கத் தெரிஞ்சவங்களுக்குத்தான் லைசென்ஸ்" என்பார்.

பிரேக் பிடிப்பதில் நான்தான் கிளாஸில் முதல். அது திறமையா பயமா என்று எனக்கே தெரியாது. கிளாஸ் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அன்றைக்கு நடந்ததை டைரியில் எழுதிவைப்பது என் வழக்கம். அதில் பாதிக்கு மேல் 'சரியாகச் செய்தேனா?' என்றுதான் முடிகிறது.

வேலையும் அப்படியே அமைந்துவிட்டது. மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் இருக்கிறேன். வருகிறவர்களின் கண்ணுக்கு முன்னால் ஸ்கேலைக் கொண்டுபோய் இரண்டு கருவிழிக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று அளக்க வேண்டும். இமையில் பட்டால் திட்டுவார்கள். படாமல் நிறுத்துவதற்குத்தான் எனக்குச் சம்பளம். சீத்தா கேம்ப்பில் எங்கள் வீட்டுக் காலிங் பெல்லைக்கூட நான் அழுத்தினால் பாதி நாள் அடிக்காது. "விரல நீட்டிட்டு நிக்கிறியே, அது என்ன மந்திரமா?" என்று உம்மா உள்ளேயிருந்து ஜன்னல் வழியாகக் கேட்பார்.

போன தடவை கறுப்பு பெல்ட் பரீட்சையில் நான் ஃபெயில். பரீட்சகர் செம்பூர் பானுமதி மேடம். சின்ன உருவம், பருத்தி சேலை, காலில் ஸ்போர்ட்ஸ் ஷூ. மாவட்டத்தில் எல்லா முறைக்காரர்களும் அவர் பேச்சைக் கேட்பார்கள். நான் குத்தியதை, அதாவது குத்தி நிறுத்தியதை, அவர் கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அழகா இருக்கும்மா. ஆனா இது குத்து இல்ல. குத்தோட ஃபோட்டோ."

சார் எழுந்துவிட்டார். "மேடம், கன்ட்ரோல் பண்றா. விட்டா உள்ள போகும்."

"போகுமா?"

"போகும் மேடம்."

"அவளுக்குத் தெரியுமா அது?"

சார் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

இரண்டாவது தடவையும் ஃபெயிலானால் இரண்டு வருஷம் பரீட்சைக்கு உட்கார முடியாது. பெல்ட்டை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறாய் என்று உம்மா கேட்கிறார். எதுவும் செய்யப் போவதில்லை. ஆறு வருஷமாக நான் செய்துகொண்டிருப்பது நிஜம்தானா என்று விஷயம் தெரிந்த ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

இந்த மழையில் எங்கள் பள்ளிக்கூட ஹாலின் கூரை ஒழுக ஆரம்பித்தது. ரிப்பேர் முடிகிறவரை இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். சார் யாருக்கோ போன் போட்டார். அடுத்த வாரம் நாங்கள் எல்லோரும் வெள்ளை உடையைப் பையில் சுருட்டிக்கொண்டு தாராவிக்கு நடந்தோம்.

மாரீஸ்வரன் மாஸ்டரின் கிளாஸ் பை தைக்கும் ஒரு பட்டறையின் மாடியில் நடக்கிறது. இரும்பு ஏணியில் ஏற வேண்டும். கீழே ஒட்டுப்பசை வாசனை, மேலே வியர்வை வாசனை. மாஸ்டர் பகலில் டெம்போ ஓட்டுகிறார். அவர்களுடையது கியோகுஷின் முறை. அதில் நிறுத்துவது என்ற பேச்சே கிடையாது. குத்து வந்து விழும். உதையும் வந்து விழும். கையுறை, கவசம் ஒன்றும் இல்லை. ஒரே ஒரு தடை உண்டு: முகத்தில் கையால் குத்தக் கூடாது. கால் வரலாம், கை வரக் கூடாது.

முதல் நாள் நான் ஓரமாக நின்று பார்த்து மனதில் குறித்துக்கொண்டேன். நாங்கள் அகலமாகக் கால் வைத்துத் தாழ்ந்து நிற்போம். அவர்கள் லோக்கல் டிரெயினில் கைப்பிடி கிடைக்காத ஆள் நிற்கிற மாதிரி நிமிர்ந்து, முழங்காலை லேசாக மடக்கி, எந்தப் பக்கம் இடித்தாலும் விழாமல் நிற்கிறார்கள். நாங்கள் கண்ணாடி முன் நின்று காற்றைக் குத்துவோம். அவர்கள் தூணில் கட்டிய லாரி டயரைக் குத்துகிறார்கள். எங்கள் சார் ஜப்பானிய மொழியில் பத்து வரை எண்ணினால் பத்தோடு முடிந்துவிடும். மாஸ்டரும் பத்து வரை எண்ணுகிறார். பிறகு "ஏக் அவுர்!" என்கிறார். அந்த இன்னொன்றுக்கு முடிவே இல்லை. எதற்கெடுத்தாலும் "ஓஸ்!" என்று கத்துகிறார்கள். ஒரு பையனுக்குக் கீழேயிருந்து டீ வந்தது. டீக்காரரிடமும் "ஓஸ்" என்றான்.

"உங்க ஆளுங்க நிக்கிறது நல்லாயிருக்கு சார், சிலை மாதிரி" என்றார் மாஸ்டர்.

"உங்க ஆளுங்க நிக்கிறதும் நல்லாயிருக்கு மாஸ்டர். ரேஷன் கடை கியூ மாதிரி" என்றார் சார்.

இருவரும் சத்தமாகச் சிரித்தார்கள். இரண்டு பேருக்கும் கோபம்.

அங்கேதான் பூமாரியைப் பார்த்தேன். என் வயதுதான். கீழே உள்ள பட்டறையில் கரீம் பாட்சா அண்ணனிடம் பைகளுக்கு ரிவெட் அடிக்கிற வேலை. அவளும் கறுப்பு பெல்ட் பரீட்சைக்கு நிற்கிறவள். அவளை ஒரு தடியன் தொடையில் உதைத்தான். பார்த்துக்கொண்டிருந்த எனக்கே வலித்தது. பூமாரி சிரித்துக்கொண்டே தலையை ஆட்டி, "லகா நஹி" என்றாள். படவேயில்லையாம். அவன் வயிற்றில் ஒன்று விட்டான். "லகா நஹி." விலாவில் முழங்கால் வந்தது. "அரே, லகா நஹி ரே!" அந்த மாடியில் அதுதான் பழக்கம். அடி வாங்கியவர் பட்டதென்று ஒத்துக்கொண்டால் அடித்தவருக்கு அது வெற்றி. அதனால் யாருக்கும் எதுவும் படுவதில்லை. நொண்டிக்கொண்டு ஏணி இறங்குகிறவர்களுக்கும் படவில்லை.

பெண்கள் நாங்கள் இருவர்தான் ஒரே நிலையில் இருந்தோம். அதனால் எங்களை ஜோடி போட்டார்கள்.

"லேசா ஆடுங்க. சும்மா பழக்கத்துக்கு" என்றார் சார்.

நான் தாழ்ந்து நின்றேன். பூமாரி கியூவில் நின்றாள். நான் பின்காலை உந்தி அவள் முகத்துக்கு ஒரு குத்து விட்டேன். என் வாழ்நாளில் நான் விட்ட நல்ல குத்துகளில் அதுவும் ஒன்று. மூக்குக்கு ஓர் அங்குலம் முன்னால் ஆணி அடித்தமாதிரி நின்றது. எங்கள் கிளாஸில் இந்த இடத்தில் எதிராளி உறைந்துவிடுவார். சார் "பாயின்ட்" என்பார். இருவரும் குனிந்து வணங்கி விலகுவோம்.

பூமாரிக்கு இது தெரியாது. அவர்கள் முறையில் படாத குத்து நடக்காத குத்து. அதுவும் முகத்துக்கு நேரே முஷ்டி வந்து அவள் பார்த்ததேயில்லை. அது அவள் கணக்கில் ஆபத்தே இல்லை. நான் தவறவிட்டுவிட்டேன் என்று நினைத்து, என் வயிற்றைக் குறிவைத்து வேகமாக உள்ளே நடந்து வந்தாள்.

என் முஷ்டி நின்ற இடத்திலேயே நின்றது. அவள் மூக்குதான் வந்து சேர்ந்தது.

வெள்ளை உடையில் இரத்தம் எவ்வளவு சிவப்பாகத் தெரியும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். நான் இரண்டு கையையும் வாயில் வைத்துக்கொண்டேன். பூமாரி மூக்கைத் தொட்டு, விரலைப் பார்த்து, தலையை ஆட்டினாள்.

"லகா நஹி."

கீழே சர்பத் கடையிலிருந்து ஐஸ் கொண்டுவந்தார்கள். அவள் அண்ணாந்து உட்கார்ந்திருந்தாள். மாஸ்டரும் சாரும் அவள் தலைக்கு மேலே வழக்கு நடத்தினார்கள்.

"எங்க ரூல்ல மூஞ்சில கை பட்டா ஃபவுலு சார். சோலி முடிஞ்சு" என்றார் மாஸ்டர்.

"எங்க ரூல்லயும் ஃபவுல்தான். ஆனா தன்னைக் காப்பாத்திக்காம முகத்தைக் கொண்டுவந்து குடுத்தா அதுவும் ஃபவுல்."

"அப்ப தப்பு யார் மேல?"

"ரெண்டு பேர் மேலயும்."

"அதெப்படி? எங்க புள்ள மூக்குல்லா ஒடைஞ்சிருக்கு!"

"ஒடையல மாஸ்டர்" என்றது ஐஸுக்கு அடியிலிருந்து ஒரு குரல். "படவே இல்லங்கேன்."

அன்றைக்கு டைரியில் நான் எழுதியது: 'முதன்முறையாக என் முஷ்டி ஒருவர்மேல் பட்டது. ஆனால் குத்தியது நானில்லை. இதைக் கணக்கில் சேர்க்கலாமா?'

மறு வாரம் பானுமதி மேடத்திடமிருந்து மெசேஜ் வந்தது. இந்த முறை பரீட்சையில் ஒவ்வொருவரும் வேறு முறை கற்றவருடன்தான் மோத வேண்டும். உடம்பில் அடி படலாம், அளவோடு. முகத்துக்குக் கை வரலாம், ஆனால் நிறுத்த வேண்டும். பட்டால் ஃபெயில். ஜோடிப் பட்டியலில் என் பெயருக்கு எதிரே பூமாரி.

நான் மன்னிப்புக் கேட்க ஒரு டப்பாவில் உம்மா செய்த வட்டலப்ப இனிப்பு எடுத்துப்போனேன். பூமாரி பட்டறை வாசலில் மூக்கு வீங்கி உட்கார்ந்திருந்தாள். டப்பாவைத் திறந்து மோந்தாள். ஒரு மூக்குத் துவாரம்தான் வேலை செய்தது.

"நல்லாருக்கு போலயே. அடுத்த மூக்கையும் ஒடைச்சுட்டு இன்னொரு டப்பா கொண்டா" என்றாள்.

"மன்னிச்சிரு பூமாரி. நான் நிறுத்திட்டேன். நீதான்..."

"தெரியும்ட்டி. நான் யோசிச்சுப் பாத்தேன். ஒம் முஷ்டி எனக்குத் தெரியவே இல்ல. கால் வந்தா தூரத்துலயே தெரியுது. கை வந்தா கண்ணுக்கு அடியில இருந்து முளைக்கி. செம்பூர்ல ஏதாவது மீசக்காரன் கூட ஜோடி போட்டிருந்தா நான் காலி." ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டாள். "நீ எனக்கு மூஞ்சியக் காப்பாத்தச் சொல்லிக் குடு. நான் ஒனக்குக் குத்தச் சொல்லித் தாரேன்."

"எனக்குக் குத்தத் தெரியும்" என்றேன்.

அவள் எழுந்து நின்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "இந்தா வயிறு. குத்து."

நான் குத்தினேன். அவள் சட்டை காற்றில் அசைந்தது.

"ம். ஃபேன் போட்டாப்ல இருக்கு. இன்னொண்ணு."

இன்னொன்று விட்டேன். இந்தத் தடவை சட்டை பட்டது. சட்டை மட்டும்.

"ஏட்டி, ஒனக்கு என்னதான் பிரச்சினை?"

எனக்குத் தெரிந்தால் சொல்லமாட்டேனா? அவள் என்னைச் சுற்றி வந்து பார்த்தாள். டயர் முன்னால் நிறுத்திக் குத்தச் சொன்னாள். பக்கவாட்டில் குந்திப் பார்த்தாள். பிறகு எழுந்து என் வலது தோளைப் பிடித்துக்கொண்டாள். குத்தை அனுப்புகிற தோளை.

"இதுதான். நீ வலது கைய அனுப்பும்போதே இங்க திரும்பி வாரதுக்கு எல்லாம் தயாராயிருது. பாதி வழியிலயே ஒன் தோள் பின்னால வருது. நீ ரிட்டர்ன் டிக்கெட் எடுத்துட்டுல்லா வண்டி ஏறுத! சிங்கிள் டிக்கெட் எடு."

"சார் அப்படித்தான் சொல்லிக்குடுத்தாரு. கை போன வேகத்துல திரும்பணும்னு."

"போன பொறவு திரும்பச் சொல்லியிருப்பாரு. நீ போறதுக்கு முன்னாலயே திரும்புத."

அதை அன்றிரவே டைரியில் எழுதி அடியில் இரண்டு கோடு போட்டேன். சாரிடம் கேட்டபோது அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "நான் சொன்னதும் அதுதான்" என்றார். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "நான் சொன்னேன் இல்லையா?" என்று என்னையே கேட்டார்.

பூமாரி சொன்ன இன்னொரு விஷயம் எனக்குப் புதிது. நாங்கள் தோலைக் குறிவைக்கிறோம். தோலில் நிற்க வேண்டுமென்பதால் தோல்தான் எங்களுக்குக் கடைசி ஸ்டேஷன். அவர்கள் தோலைப் பார்ப்பதே இல்லை. "என் வயித்தப் பாக்காத. என் முதுகுல சட்ட இருக்குல்லா, அதக் குத்து. நடுவுல நான் நிக்கிறது என் பாடு."

பதிலுக்கு நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவளைச் சுவரோரம் நிறுத்தி, முகத்துக்கு நேரே குத்தை விட்டு விட்டு நிறுத்தினேன். தலையை நகர்த்து, கையை ஏற்று, தூரத்தை விட்டுக்கொடுக்காதே. முதல் நாள் அவள் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "நீதான் நிறுத்திருவியே!" என்றாள். நான் விரல் நுனியில் குங்குமப் பொட்டு மாதிரி லிப்ஸ்டிக் வைத்துக்கொண்டு மூக்கை நோக்கி நீட்ட ஆரம்பித்தேன். பட்டால் சிவப்பு மூக்கோடுதான் பட்டறைக்குத் திரும்ப வேண்டும். இரண்டாம் நாள் கோமாளி மாதிரி சிவந்த மூக்கோடு கீழே போனாள். அதற்குப் பிறகு தலை தானாக நகர ஆரம்பித்தது.

பிரச்சினை அங்கே ஆரம்பித்தது. பழக்கம் மாடியில் மட்டும் நிற்கவில்லை.

"இன்னைக்குக் கரீம் பாட்சா அண்ணன் நெத்தியத் தொடைக்கக் கையத் தூக்குனாரு" என்றாள் பூமாரி ஒருநாள். "நான் மேசைக்கு அடியில போயிட்டேன். அவரு பயந்துபோயி, 'நான் உன்ன எப்பவாவது அடிச்சிருக்கேனாம்மா'ன்னு கண் கலங்கிட்டாரு. பட்டறையே என்னயப் பாக்கு."

என் பக்கமும் சரியில்லை. வீட்டில் நான் அழுத்திய காலிங் பெல் பொத்தான் உள்ளே போய்த் திரும்பி வரவில்லை. தொடர்ந்து அடித்துக்கொண்டே இருந்தது. உம்மா மெயின் ஸ்விட்சை அணைத்தார். "முந்தி அடிக்காது. இப்ப நிக்காது. உனக்கு நடுவுல ஒண்ணு தெரியாதா?" என்றார். கடையில் ஒரு பெரியவருக்கு ஃபிரேமை மாட்டும்போது கொஞ்சம் அழுத்திவிட்டேன் போலிருக்கிறது. "நான் கண்ணாடி வாங்க வந்தேன் மகளே, ஆபரேஷனுக்கு வரவில்லை" என்று ஹிந்தியில் சொன்னார்.

பரீட்சைக்கு முந்தின சாயங்காலம் பூமாரியின் வயிற்றில் குத்தினேன். ஒரு சத்தம் கேட்டது. நனைந்த துணியைக் கல்லில் அடித்த மாதிரி. என் கை அதிர்ந்தது. பூமாரி ஓர் அடி பின்னால் போய்ச் சுவரில் சாய்ந்தாள்.

"பட்டுச்சா?" என்றேன்.

சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினாள். "லகா நஹி."

"நிஜமாச் சொல்லு. நாளைக்குப் பரீட்சை. எனக்குத் தெரியணும்."

"படல்லட்டி. பட்டா சொல்லமாட்டேனா?"

சொல்லமாட்டாள் என்று எல்லோருக்கும் தெரியும். அதுதான் எனக்குக் கஷ்டம். கண்ணாடியில் எழுத்தைப் படிக்கச் சொன்னால் எல்லா வரியும் தெளிவாக இருக்கிறது என்று சொல்கிற வாடிக்கையாளரை வைத்துக்கொண்டு நான் எப்படி நம்பர் போடுவது? அன்றைக்கு வீட்டுக்கு வந்து யோசித்தபோது இன்னொரு பயமும் சேர்ந்துகொண்டது. கை உள்ளே போகக் கற்றுக்கொண்டது. சரி. நாளைக்கு மூக்குக்கு முன்னால் அது நிற்குமா? நிற்காவிட்டால் ஃபெயில். போன தடவை தெரிந்த ஒன்றையும் இந்தத் தடவை தொலைத்துவிட்டேனோ?

ஞாயிறு காலை செம்பூரில் ஒரு பள்ளிக்கூட ஹால். பானுமதி மேடம் அதே ஷூவோடு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். ஒருபுறம் எங்கள் சார், மறுபுறம் மாரீஸ்வரன் மாஸ்டர். இருவரும் நடுவில் ஒரு தண்ணீர் பாட்டிலை மாறிமாறி நகர்த்திக்கொண்டிருந்தார்கள்.

வரிசைப் பயிற்சிகள் முடிந்தன. எங்கள் பெயர்களைக் கூப்பிட்டார்கள். நாங்கள் வணங்கி நின்றோம்.

"ஆரம்பம்!"

என்ன ஆயிற்று என்று இப்போதும் எனக்குத் தொடர்ச்சியாகச் சொல்ல வரவில்லை. நான் நேராக உள்ளே நடந்தேன். நான், தூரத்தை விட்டால் செத்துவிடுவேன் என்று வளர்ந்தவள், டிரெயினில் ஏறுகிறவள் மாதிரி முட்டிக்கொண்டு போனேன். பூமாரி தலையை நகர்த்தி, கையை உயர்த்தி, பக்கவாட்டில் வழுக்கிப் பின்னால் போய்க்கொண்டே இருந்தாள். என் தொடையில் அவள் உதை ஒன்று விழுந்தது. என் வாயிலிருந்து என்னையறியாமல் "லகா நஹி" என்று வந்தது. மாஸ்டரின் ஆட்கள் கைதட்டினார்கள்.

மேடம் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"இரு இரு. இதுல யாரு மாட்டுங்கா, யாரு தாராவி?"

சாரும் மாஸ்டரும் ஒரே நேரத்தில் கை தூக்கினார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சரி, ஆடுங்க. எனக்கு இவளோட குத்தைப் பாக்கணும்" என்று என்னைக் காட்டினார். "போன தடவை ஃபோட்டோ குடுத்தவ."

மறுபடி தொடங்கினோம். பூமாரி உள்ளே வந்தாள். நான் பின்காலை உந்தி வலது கையை அவள் முகத்துக்கு விட்டேன். விட்ட பிறகுதான் பயம் வந்தது. இது சிங்கிள் டிக்கெட்டா, ரிட்டர்னா என்று எனக்கே தெரியவில்லை. மூக்கு பெரிதாகிக்கொண்டே வந்தது. வீக்கம் வடிந்து இப்போதுதான் பழைய அளவுக்கு வந்திருந்த மூக்கு.

நின்றது. ஓர் அங்குலம் இருக்காது, அரை அங்குலம் இருக்கலாம். அவள் மூச்சு என் விரல் கணுக்களில் பட்டது.

முன்பிருந்த பூமாரியாக இருந்தால் நடந்து வந்து மோதியிருப்பாள். இந்தப் பூமாரியின் இரண்டு கையும் முகத்துக்கு ஏறின. லிப்ஸ்டிக் புள்ளிக்குப் பயந்து ஏறிய கைகள். ஏறிய கைகளுக்குக் கீழே வயிறு முழுக்கத் திறந்து கிடந்தது.

நான் அவள் முதுகுச் சட்டையைக் குத்தினேன், இடது கையால்.

சத்தம் ஹாலில் எல்லோருக்கும் கேட்டிருக்கும். எனக்குக் கேட்கவில்லை. முழங்கை வழியாகத் தோளுக்கு ஏதோ ஏறி வந்தது மட்டும் தெரிந்தது.

"நிறுத்து!" என்றார் மேடம். எழுந்து மேசையைச் சுற்றி எங்களிடம் வந்தார். என்னைப் பார்க்கவில்லை. பூமாரியின் முன் போய் நின்றார்.

"பட்டுதாம்மா?"

எனக்கு உலகமே அந்த ஒரு கேள்வியில் வந்து நின்றது. பூமாரி என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். அந்த மாடியில் அடி வாங்கிய யாரும் இதுவரை வேறு எதுவும் சொன்னதில்லை. மாஸ்டர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு கழுத்தை நீட்டினார். பூமாரி நிமிர்ந்தாள். முகத்தில் அந்தச் சிரிப்பு வந்தது. தலை இடமிருந்து வலம் ஆடத் தொடங்கியது. வாய் திறந்தது.

"ல..."

அதற்கு மேல் காற்று வரவில்லை. அவள் மறுபடி முயன்றாள். உதடுகள் அசைந்தன, சத்தம் இல்லை. தலை மட்டும் விடாமல் இல்லை இல்லையென்று ஆடிக்கொண்டிருந்தது. அப்படியே தலையை ஆட்டிக்கொண்டே மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள்.

மேடம் அவள் பக்கத்தில் குனிந்து முதுகைத் தடவிக்கொடுத்தார். மூச்சு திரும்பி வருகிறவரை அங்கேயே இருந்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"மூக்குக்கிட்ட நின்னுது. வயித்துல போச்சு. எது எங்க வேணும்னு இப்ப உனக்குத் தெரியுதா?"

"தெரியல மேடம்" என்றேன். உண்மை அதுதான்.

"போதும். கைக்குத் தெரிஞ்சிருக்கு."

இரண்டு பேருக்கும் கறுப்பு பெல்ட். பூமாரியைப் பற்றி மேடம் சொன்னார்: "மூஞ்சியைக் காப்பாத்த வந்துடுச்சு. இனிமே வயித்தை மறக்காதே." சார் ஏணியில் ஏறியவர் மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு, "நான் சொன்னேன் இல்லையா, விட்டா உள்ள போகும்னு" என்று மாஸ்டரிடம் சொன்னார். "அந்தக் குத்து எங்க டயருல அடிச்சுப் பழகுனது சார்" என்றார் மாஸ்டர். ஹால் வாசல்வரை அந்தக் குத்து யாருடையது என்று பேசிக்கொண்டே போனார்கள். குத்தியவளும் வாங்கியவளும் பின்னால் வந்தோம்.

பூமாரியை மாட்டுங்காவுக்கு அழைத்துப்போனேன். ஞாயிறு என்பதால் ஹோட்டல் வாசலில் கூட்டம். அரைமணி நின்று உள்ளே போய் மார்பிள் மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தோம்.

"ஒரு விஷயம் சொல்லணும்" என்றாள் பூமாரி. "காலையில செம்பூர் ஸ்டேஷன்ல படி ஏறி ஓடி வந்தேன். அதுல மூச்சு வாங்கிட்டு. அதான் பேச்சு வரல. ஒன் குத்தால இல்ல."

"ஸ்டேஷன்லருந்து ஆட்டோலதானே வந்தே?"

"ஆட்டோவுக்குத்தாம்ட்டி ஓடினேன்."

"பரீட்சை அதுக்கு எவ்வளவு நேரம் கழிச்சு நடந்துச்சு!"

"எனக்கு மூச்சு லேட்டாத்தான் வாங்கும். சின்ன வயசுலருந்தே அப்படித்தான்."

எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அப்படியும் இருக்குமோ? பட்டதா, மூச்சு வாங்கியதா? மேடம் இரண்டையும் குழப்பிக்கொண்டாரோ? வேறு யாருடைய பெல்ட்டையோ தவறுதலாக எடுத்துவந்துவிட்டேனோ? அப்போது ரசவடை வந்தது. பூமாரி ஆசையாகக் கரண்டியால் ரசத்தை எடுத்து ஊதாமல் குடித்தாள். மிளகு ஏறிவிட்டது. மூக்கு சுருங்கியது. பெரிய தும்மல் ஒன்று வருவது எனக்கே தெரிந்தது. அவள் அதை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

தும்மினாள். "அம்மா" என்று முனகி இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மார்பிளில் நெற்றியை வைத்துவிட்டாள்.

பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்து, நான் பார்க்கிறேனா என்று பார்த்தாள்.

நான் சுவரில் மாட்டியிருந்த விலைப் பட்டியலை மேலிருந்து கீழாக, ஒரு வரி விடாமல் படித்துக்கொண்டிருந்தேன்.